அந்தப் பக்கம் போகாதீங்க

இதுவரை மூன்று முறை செத்திருக்கிறேன்.
முதல் தடவை பெட்ரோல் குழாய் கழுத்தை இறுக்கி.
இரண்டாவது, என் சொந்தக் கழிப்பறையில்,
கதவுக்கு அடியில் கால்கள் மட்டும் தெரிய.
மூன்றாவதில் எப்படிச் செத்தேன் என்று காட்டவேயில்லை,
தொப்பி மட்டும் சாலையில் உருண்டு போகும்.
அதற்கு ஐம்பது டாலர் குறைத்துக்கொண்டார்கள்.

நெவாடாவில், அடுத்த பல்பைப் பார்க்க
எழுபத்து மூன்று மைல் ஓட்டவேண்டிய இடத்தில்
என் பங்க்.
கிராசியென் லார்ரால்டே என்று பலகையில் இருக்கும்.
படக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் கழற்றுவார்கள்.
பிறகு ஜன்னலை உடைத்து
உடைந்ததற்குத் தூசி பூசி
நான் வெள்ளையடித்த சுவரில்
ஒரு பெண் உட்கார்ந்து துரு வரைவாள்,
சின்னத் தூரிகை, அத்தனை பொறுமை.
நிஜத் துரு கொல்லைப்பக்கம் நிறைய இருக்கிறதே என்றேன்.
அது கேமராவில் துரு மாதிரி தெரியாது என்றாள்.

எல்லாப் படத்திலும் எனக்கு ஒரே வசனம்.
ஒரு வேன், ஐந்து பிள்ளைகள்,
ஒருத்தன் என் நடையைப் பழித்துக் காட்டுவான்.
எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே
"அந்தப் பக்கம் போகாதீங்க" என்பேன்.
மெதுவாக, என்பார் இயக்குநர்.
இன்னும் மெதுவாக. இமைக்காமல்.
புரை விழுந்த இடது கண்ணில் தண்ணீர் வழியும்.
அதைத் துடைக்கவேண்டாம் என்பார்.

முகமூடி, ரம்பம், கொக்கி.
இந்தச் சாலையில் எனக்குப் பயம்
இருட்டில் முதுகு காட்டி நிற்கும் கறுப்பு மாடு.
கண் திறந்தபடி தூங்கும் லாரிக்காரன்.
கிளம்பிவிட்டோம், கிளம்பிவிட்டோம் என்று
ஒன்றரை மணி நேரம் போனில் சொல்லும்
ஆம்புலன்ஸ்காரியின் கனிவான குரல்.
இவற்றைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், இரவு இரண்டு மணி.
நீல நிறக் கார், விளக்கடியில் தயங்கி நின்றது.
ஒரு பையன், ஒரு பெண், இருபது வயதிருக்கும்.
கணவாயில் பனி. மாலையே சாலையை மூடிவிட்டார்கள்.
வைத்த தடுப்பைக் காற்று பள்ளத்தில் தள்ளியிருந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு ஓடினேன்.
ஓடினேன் என்பது என் கணக்கு,
இந்த முழங்காலுக்கு அது நொண்டல்தான்.
கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது.

குளிரில் தாடை விறைத்துவிட்டது.
வேறு எப்படிச் சொல்வது?
மெதுவாகத்தான் வந்தது.
கண்ணில் தண்ணீர்.

அந்தப் பெண்ணின் முகத்தில்
நான் யாரென்று தெரிந்துகொண்ட கணத்தைப் பார்த்தேன்.
என் சாவுகளில் ஒன்றையாவது பார்த்திருக்கிறாள்.
நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன,
க்ளக்.
சிவப்பு விளக்குகள் அந்தப் பக்கமே போயின.

பிக்கப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.
போன பிறகுதான் உறைத்தது,
அவர்கள் கண்ணாடியில் இப்போது என்ன தெரியுமென்று.
ஹாரன் அடித்தேன். வேகம் கூட்டினார்கள்.
வெளிச்சத்தைத் தாழ்த்தினேன். இன்னும் கூட்டினார்கள்.
வளைவில் கார் ஒரு பக்கமாக வழுக்கி
பனிக்குவியலில் மெத்தென்று சொருகியது.

அடி இல்லை. உள்விளக்கு எரிந்து அணைந்தது.
இறங்கி நடந்தால் என்ன நினைப்பார்கள் என்று தெரியும்.
பாதித் தூரத்தில்
கம்பளியையும் காப்பி பிளாஸ்க்கையும் ரோட்டில் வைத்து,
திரும்பி வந்து, வண்டியை ஓடவிட்டு,
என் முகம் அவர்களுக்குத் தெரியாதபடி
உள்ளே இருட்டாக உட்கார்ந்திருந்தேன்.
அதுவும் தப்பு. பின்னால்தான் தோன்றியது.

விடியலில் பனி தள்ளும் வண்டியோடு வாண்டா வந்தாள்.
பிள்ளைகளை அவள் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள்.
என்னைத் தாண்டும்போது பையன் தலையைக் குனிந்துகொண்டான்.
கம்பளி அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது.

பிளாஸ்க் வைத்த இடத்திலேயே, மூடி திறக்காமல்.
சரிதான்.
நானாயிருந்தாலும் குடித்திருக்கமாட்டேன்.